பெயரில் நின்ற எண்



ஒரு பொருளுக்குப் பெயர் இடுவோர் அதன் அழகையோ, பிறந்த ஊரையோ, செய்தவர் குலத்தையோ குறித்துப் பெயர் இடுவது உலக வழக்கு. எண்ணைப் பெயராக இடத் துணிவோர் மிகச் சிலரே. அழகைப் பற்றிச் சொன்ன சொல்லை எவரும் அளவுகோல் கொண்டு அளந்துவிட இயலாது. எண்ணையோ சிறுபிள்ளையும் அளந்து பார்க்கலாம். ஆகவே எண்ணைச் சொல்பவன் தன்னைத் தானே சாட்சிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறான் என்று சொல்லலாம்.

இங்கிலாந்து தேசத்தில் உயர்ந்த ரக மோட்டார் வண்டிகளைச் செய்து புகழ் பெற்ற ஜாகுவார் நிறுவனம், மூன்று தலைமுறைகளில் மூன்று முறை எண்ணைக் கூறி உலகத்தாரின் கவனத்தைத் தன்பால் ஈர்த்தது. முதல் முறை, சொன்ன எண்ணை வண்டி விஞ்சி நின்றது. இரண்டாம் முறை, எண்ணின் அருகே சென்று நின்றது. மூன்றாம் முறை, எண்ணுக்குக் கீழே நின்றுவிட்டது. இம்மூன்றையும் வரிசையாக எடுத்து நோக்கினால், விலையுயர்ந்த வண்டிகளைப் பற்றி அவற்றைச் செய்வோர் கூறும் கூற்றுக்கும் சாலையில் காணும் உண்மைக்கும் இடையே இடைவெளி எவ்வாறு தோன்றுகிறது என்பது நன்கு விளங்கும்.

இந்நிறுவனம் 1922ஆம் ஆண்டில், பிளாக்பூல் என்னும் கடற்கரை நகரில், வில்லியம் லயன்ஸ், வில்லியம் வால்ம்ஸ்லி என்னும் இரு இளைஞர்களால் தொடங்கப்பெற்றது. அன்று அவர்கள் செய்தது மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் இணைக்கும் பெட்டி வண்டி. அங்கிருந்து படிப்படியாக உயர்ந்து, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1948ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் பொருட்காட்சியில் ஒரு புதிய வண்டியை வைத்தனர். அதன் பெயர் எக்ஸ்.கே. 120. மணிக்கு 120 மைல் செல்லும் என்பதே அப்பெயரின் பொருள். நம் இக்காலக் கணக்கில் 193 கிலோமீட்டர். வரி நீங்கலாக ஆயிரம் பவுனுக்கும் குறைவான விலையில் இவ்வளவு வேகமா என்று பலர் ஐயுற்றனர். போரினால் நலிந்து, பெட்ரோல் பங்கீடும் நீங்காதிருந்த நாட்டில் அந்த ஐயம் இயல்பானதே.

ஐயத்தைப் போக்க நிறுவனத்தார் விளம்பரத்தைப் பெருக்கவில்லை. வண்டியைச் சாலைக்குக் கொண்டு சென்றனர். 1949ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், பெல்ஜியம் நாட்டில் ஜபேக் என்னும் ஊரையொட்டிய நேரான நெடுஞ்சாலையில், பத்திரிகையாளர் பலர் கூடியிருக்க, வண்டி ஓட்டிக் காட்டப்பட்டது. மேற்கூரையுடன் ஓடியபோதே மணிக்கு 126 மைலைக் கடந்தது. பிறகு முன்கண்ணாடியை அகற்றி, அடிப்பாகத்தில் தகடு பொருத்தி ஓட்டியபோது 132.6 மைல் என்று அளவு காட்டியது. அதன்பின் ஓட்டுநர் அதே வண்டியை மேல் கியரிலேயே வைத்து, கூடியிருந்தோர் முன்னிலையில் நடைவேகத்தில் ஊர்ந்து செல்லச் செய்தார். சொன்னது 120; செய்து காட்டியது அதற்கும் மேல். கண்ணாடியை அகற்றியதும் தகடு பொருத்தியதும் மறைக்கப்படவில்லை என்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

இனி இரண்டாவது வண்டியைக் காண்போம். 1961ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜெனீவா நகரப் பொருட்காட்சியில் ஈ-டைப் என்னும் வண்டி வெளியிடப்பட்டது. நீண்ட முகமும் தாழ்ந்த உடலும் கொண்ட அதனைக் கண்டோர் வியந்து நின்றனர். இம்முறை எண் பெயரில் இல்லை. ஆயினும் எல்லோர் வாயிலும் இருந்தது. மணிக்கு 150 மைல் என்பதே அந்த எண். அதே மாதத்தில் இங்கிலாந்தின் பெயர் பெற்ற இரு மோட்டார் பத்திரிகைகள் வண்டியைச் சோதித்துத் தம் முடிவுகளை வெளியிட்டன. ‘ஆட்டோகார்’ பத்திரிகை 150.4 மைல் என்று எழுதிற்று. ‘தி மோட்டார்’ பத்திரிகை 149.1 மைல் என்று எழுதிற்று. நிறுவனத்தின் வாக்கு நிலைநாட்டப்பட்டது என்றே உலகம் கொண்டது.

ஆனால் பணம் கொடுத்து வாங்கியவர்கள் ஓட்டியபோது பெரும்பாலான வண்டிகள் 140 மைலையொட்டியே நின்றன. பத்திரிகைகளுக்கு அளிக்கப்பட்ட வண்டிகள் தொழிற்சாலையில் தனிக் கவனத்துடன் தயார் செய்யப்பட்டவை என்பதும், சோதனையின்போது பந்தய டயர்கள் பூட்டப்பட்டிருந்தன என்பதும் மோட்டார் வரலாறு எழுதியோர் பலரும் குறித்துள்ள செய்தி.

இது பொய்யா என்று கேட்டால், உடனே ஆம் என்று சொல்லிவிட முடியாது. ஓடிய வண்டி ஓடியதுதான். அளந்த அளவு அளந்ததுதான். ஆனால் எந்த வண்டி ஓடியது என்பதில்தான் கருத்தைச் செலுத்தவேண்டும். ஆசிரியத் தொழிலில் இருந்தவர்க்கு இது புதியதன்று. பள்ளிக்கு ஆய்வாளர் வரும் நாளில் கெட்டிக்கார மாணவனை முன்வரிசையில் அமர்த்தி வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கேள்வி பிறந்ததும் அவன் எழுந்து மணி மணியாக விடை சொல்லுவான். அவன் சொன்ன விடையில் குற்றம் இல்லை. ஆனால் ஆய்வாளர் எழுதிச் செல்லும் குறிப்போ வகுப்பு முழுவதையும் பற்றியது. ஒருவன் கற்றது அனைவரும் கற்றதாக ஏட்டில் ஏறிவிடுகிறது. அனுபவம் மிக்க ஆய்வாளர் பின்வரிசைப் பையன் ஒருவனைத்தான் எழுப்புவார். வண்டிகளைச் சோதிப்போரும் நிறுவனம் அனுப்பிய வண்டியை விடுத்து, கடையில் நின்ற வண்டி ஒன்றைத் தாமே எடுத்துச் சோதித்தால், பின்வரிசைப் பையனை எழுப்பியவர் ஆவர்.

140க்கும் 150க்கும் இடையே உள்ளது பத்து மைல்தானே, அது ஒரு பெரிய குறையா என்று சிலர் எண்ணக்கூடும். இங்குப் பௌதிக சாஸ்திரம் நமக்கு ஓர் உண்மையைக் கூறுகிறது. விரைந்து செல்லும் வண்டியை எதிர்த்து நிற்கும் பெரும் பகை காற்றே. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதனை வெல்லத் தேவையான சக்தியோ எட்டு மடங்காகிறது. ஆகவே 140 மைலில் செல்லும் வண்டியை 150 மைலுக்கு உயர்த்த, வேகம் நூற்றுக்கு 7 பங்கு கூடினால் போதும். ஆனால் சக்தி நூற்றுக்கு 23 பங்கு கூடவேண்டும். கடைசிப் பத்து மைல் முதல் பத்து மைலைப் போன்றதன்று. மலையேறுவோருக்கு உச்சியின் கடைசிப் படிகள் எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினமானது அது. விளம்பரம் எழுதுவோர் 140ஐ 150 என்று எழுத ஒரு சொட்டு மையே தேவை. பொறியியல் வல்லுநருக்கோ ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடுதல் சக்தி தேவை.

சக்தியை அளக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஈ-டைப் வண்டிக்கு 265 குதிரைச் சக்தி என்று அறிவித்தனர். அது ‘மொத்தச் சக்தி’ என்னும் கணக்கு. இயந்திரத்தை வண்டியிலிருந்து தனியே எடுத்து மேடையில் ஏற்றி, அதற்குச் சுமையாகும் துணைக் கருவிகள் பலவற்றை நீக்கி, புகை தடையின்றி வெளியேற வழி செய்து அளப்பது அம்முறை. வண்டியில் பூட்டிய இயந்திரமோ மின்சாரம் உண்டாக்கவேண்டும், நீரைச் சுழற்றவேண்டும், காற்று வடிகட்டியின் வழியே மூச்சு வாங்கிப் புகைக்குழாயின் வழியே மூச்சு விடவேண்டும். இவ்வளவும் போக எஞ்சுவது ‘நிகரச் சக்தி’. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தைச் சொல்வதற்கும், வாடகையும் வட்டியும் போக மீதியைச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடே இது. அமெரிக்க நிறுவனங்கள் 1972ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து நிகரச் சக்தியையே அறிவிக்கத் தலைப்பட்டன. அவ்வாண்டில் பல வண்டிகளின் குதிரைச் சக்தி ஏட்டில் திடீரெனக் குறைந்தது. குறைந்ததில் ஒரு பகுதி, முன்பு கூட்டிச் சொன்ன எண்ணே. இயந்திரத்தில் பிறக்கும் சக்தி சக்கரத்தை அடைவதற்குள் பற்சக்கரங்களிலும் அச்சுகளிலும் மேலும் ஒரு பங்கு செலவாகிவிடும் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

மூன்றாவது வண்டிக்கு வருவோம். 1988ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பர்மிங்ஹாம் பொருட்காட்சியில் ஜாகுவார் நிறுவனம் எக்ஸ்.ஜே. 220 என்னும் வண்டியைத் திரை விலக்கிக் காட்டியது. ஜிம் ராண்டில் என்னும் தலைமைப் பொறியியலாளரும் அவருடைய தோழர்களும், சம்பள நேரத்துக்கு அப்பால், விடுமுறை நாட்களில் கூடி உழைத்து உருவாக்கியது அது. ‘சனிக்கிழமைச் சங்கம்’ என்றே அக்குழுவுக்குப் பெயர். அவர்கள் காட்டிய வண்டியில் பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரம் இருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் சக்தி சென்றது. பெயரில் நின்ற எண்ணோ மணிக்கு 220 மைல், அதாவது 354 கிலோமீட்டர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் 120 என்று சொல்லி மெய்ப்பித்தவர்களின் வழி வந்தவர்கள் சொன்ன எண் ஆதலின், உலகம் ஐயுறவில்லை.

1989ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனை அறிவிக்கப்பட்டது. விலை, வரி நீங்கலாக, 2,90,000 பவுன். முன்பணம் மட்டும் 50,000 பவுன். வாங்க முன்வந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆனால் 1992ஆம் ஆண்டில் உடையவர் கைக்கு வந்த வண்டி, பொருட்காட்சியில் கண்டது அன்று. பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரத்தின் இடத்தில் ஆறு சிலிண்டர் இயந்திரம் இருந்தது. மெட்ரோ என்னும் சிறு வண்டியின் ராலிப் பந்தய வடிவத்துக்காக உருவான இயந்திரத்திலிருந்து அது வளர்க்கப்பட்டது. பின்னிரு சக்கரங்களுக்கு மட்டுமே சக்தி சென்றது. விலை இடையில் 4,70,000 பவுன் அளவுக்கு ஏறியிருந்தது. அதே சமயத்தில் பொருளாதார மந்தமும் வந்து சேர்ந்தது.

நடுநிலையோடு பேசுவோமாயின், இயந்திரத்தை மாற்றியதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. புகை பற்றிய சட்டங்கள் கடுமையாகி வந்தன. பெரிய இயந்திரம் கனத்தது. சிறிய இயந்திரம் இலேசானது. அன்றியும் சிறிய இயந்திரம் தந்த சக்தி 542 குதிரைச் சக்தி. ஆறு சிலிண்டர் என்பதனாலேயே அது தாழ்ந்தது என்று சொல்லமுடியாது. ஆயினும் வேக அளவு என்ன ஆயிற்று? இத்தாலியில் நார்டோ என்னும் இடத்தில் 12.6 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சோதனைச் சாலை ஒன்று உண்டு. அங்கே 1992ஆம் ஆண்டில் ஓட்டியபோது வண்டி 212.3 மைல் சென்றது. புகையைத் தூய்மை செய்யும் கருவியை நீக்கி, இயந்திரச் சுழற்சிக்கு வைத்திருந்த வரம்பையும் உயர்த்தி ஓட்டியபோது 217.1 மைல் சென்றது. 220 வரவில்லை. வட்டச் சாலையில் டயர்கள் ஓயாமல் திரும்பிக்கொண்டே இருப்பதால் சிறிது வேகம் குன்றும். நேர்ச்சாலையாயின் இன்னும் கூடியிருக்கும் என்று வாதிட இடமுண்டு. ஆனால் பெயரில் எழுதிய எண்ணுக்கு வாதம் துணை நிற்பதில்லை.

212.3 மைலிலிருந்து 220க்குச் செல்ல எவ்வளவு கூடுதல் சக்தி தேவை என்று முன்பு சொன்ன விதிப்படி கணக்கிட்டுப் பாருங்கள். நூற்றுக்கு 11 பங்குக்கு மேல் வரும். 542க்குப் பதில் 600க்கும் அதிகமான குதிரைச் சக்தி வேண்டியிருந்திருக்கும். ஏழேமுக்கால் மைலின் பின்னே அறுபது குதிரைகள் மறைந்து நின்றன.

முன்பணம் கொடுத்தோர் பலர் பின்வாங்கினர்; விவகாரம் நீதிமன்றம் வரையிலும் சென்றது. முடிவில் முந்நூறுக்கும் குறைவான வண்டிகளே செய்யப்பட்டன. வியப்பு யாதெனில், அக்காலத்தில் விற்பனைக்கு வந்த வண்டிகளுள் அதனினும் வேகமானதைக் காண்பது அரிது. அவ்வளவு சிறந்த வண்டி ஏமாற்றம் என்று பேசப்பட்டது எதனால்? வண்டி தாழ்ந்ததனால் அன்று, எண் உயர்ந்துவிட்டதனால். 210 என்று பெயர் வைத்திருந்தால், சொன்னதை விஞ்சிய வண்டி என்று அதே மக்கள் போற்றியிருப்பார்கள். 1949இல் ஜபேக் சாலையில் நிகழ்ந்தது அதுவேயன்றோ! இந்நிறுவனம் 2008ஆம் ஆண்டில் நம் நாட்டு டாட்டா குழுமத்தின் உடைமையாயிற்று. ஆதலின் இவ்வரலாறு நமக்கும் முற்றிலும் அயலார் வரலாறு அன்று.

கூற்று பொய்த்தபோது எவ்வாறு நடந்துகொள்வது என்பதற்கும் நல்ல உதாரணங்கள் உள்ளன. 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் கோப்ரா வண்டிக்கு 320 குதிரைச் சக்தி என்று அறிவித்தது. வாங்கியவர்கள் உருளைகளின் மேல் வண்டியை ஏற்றிச் சக்கரத்தின் சக்தியை அளக்கும் சோதனைச் சாலைகளுக்குக் கொண்டு சென்று, குறைவு என்று காட்டினர். நிறுவனம் விற்பனையை நிறுத்திவைத்து, விற்ற வண்டிகளையும் வரவழைத்து, தன் செலவிலேயே பழுது நீக்கிக் கொடுத்தது. 2003ஆம் ஆண்டில் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் ஆர்.எக்ஸ்.-8 என்னும் வண்டிக்கு அமெரிக்காவில் 247 என்று சொன்ன குதிரைச் சக்தியை 238 என்று திருத்திக்கொண்டது. விரும்பியவர்களிடமிருந்து வண்டியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள முன்வந்தது. வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு 500 டாலரும் இலவசப் பராமரிப்பும் அளித்தது. குறைந்தது ஒன்பது குதிரைச் சக்தியே. ஆயினும் அந்த ஒன்பதுக்கும் விடை சொல்லவேண்டும் என்று அது கருதிற்று.

செல்வர் ஒருவருடைய வண்டி மணிக்கு ஏழு மைல் குறைவாக ஓடினால் நமக்கு வந்த நட்டம் என்ன என்று நேயர்களுள் சிலர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. இதற்கு விடையைச் சாதாரண வண்டிகளின் உலகில் காணவேண்டும். 2012ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஹூண்டாய், கியா ஆகிய நிறுவனங்கள் அமெரிக்காவில் விற்ற ஏறத்தாழ ஒன்பது இலட்சம் வண்டிகளுக்குச் சொன்ன எரிபொருள் கணக்கு மிகை என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை அறிவித்தது. 2014ஆம் ஆண்டில் அவை 10 கோடி டாலர் அபராதம் செலுத்த இசைந்தன. அந்த வண்டிகளை வாங்கியவர்கள் செல்வர்கள் அல்லர்; மாதச் சம்பளத்தில் பெட்ரோலுக்கு இவ்வளவு என்று எடுத்து வைப்பவர்கள்.

2015ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஃபோக்ஸ்வாகன் விவகாரமோ இன்னும் கொடிது. சோதனைச் சாலையில் இருக்கிறோம் என்று அறிந்தால் புகையைக் குறைத்துக்கொள்ளவும், சாலைக்கு வந்ததும் வரம்பை மீறி விடவும் வண்டியின் கணிப்பொறிக்கு வழி சொல்லப்பட்டிருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் வண்டிகளில் இத்தகைய ஏற்பாடு இருந்தது. சில வண்டிகள் விட்ட நச்சு வாயு, வரம்பைப் போல நாற்பது மடங்கு வரையில் இருந்தது. அதற்கு விலை கொடுத்தவர்கள் வண்டி வாங்கியவர்கள் மட்டும் அல்லர்; சாலையோரம் நடந்து பள்ளிக்குச் சென்ற குழந்தைகளும்தாம். இதனை வெளிக்கொணர வழி வகுத்தது எது? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அளவுக் கருவியை வண்டியிலேயே ஏற்றி, சாலையில் ஓட்டி அளந்து பார்த்ததே. பின்வரிசைப் பையனை எழுப்பினார்கள் என்று சொல்லுங்கள்.

வேகத்தில் மிகைப்படுத்துவது பெருமைக்காக. எரிபொருளில் மிகைப்படுத்துவது இலாபத்துக்காக. புகையில் பொய் சொல்வது பிறர் உயிரைப் பொருட்படுத்தாமைக்குச் சான்று. மூன்றும் ஒரே தன்மையன என்று நான் கூறமாட்டேன். ஆயினும் மூன்றுக்கும் வாயில் ஒன்றே. சோதனைக்கு ஒரு வண்டி, விற்பனைக்கு வேறு வண்டி என்னும் பழக்கமே அவ்வாயில். அதனைச் செல்வர் வண்டியில் கண்டு சிரித்துவிட்டால், எளியோர் வண்டியில் காணும்போது கண்டிக்க நமக்கு நா எழாது.

ஆகவே எந்த எண்ணைக் கேட்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு உண்டாக்குவோம். எதை அளந்தார்கள்? எவர் அளந்தார்? எந்த நிலையில் அளந்தார்கள்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் அந்த எண் அறிவாகும்; கிடைக்காவிடில் அது வெறும் ஓசையே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் நம் முன்னோர். ஏட்டில் எழுதிய வேகமும் சாலைக்கு உதவாது. பொருளைச் செய்வோருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. சொல்லும் எண்ணைச் சற்றுக் குறைத்துச் சொல்லி, செய்யும் பொருளைச் சற்றுக் கூட்டிச் செய்யுங்கள். அவ்வாறு செய்த வண்டியை, எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் உலகம் மதிப்போடு நினைத்துப் பார்க்கிறது.